சிறு பண்ணையும் புது டிராக்டரும்

டிராக்டர் வாங்குவது அவரவர் சொந்த விவகாரம். பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். சர்க்காரின் செய்கைகளையும் கட்சிகளின் போக்கையும் ஆராய வேண்டிய இடத்தில் கியர் பெட்டியையும் டயரையும் பற்றிப் பேசுவது பொருத்தமா என்றும் அவர்களுக்குத் தோன்றலாம். பொருத்தமே என்பது நமது அபிப்பிராயம். இந்தியாவில் ஆண்டுதோறும் பல லட்சம் டிராக்டர்கள் விற்பனையாகின்றன. எண்ணிக்கையில் இதைவிடப் பெரிய டிராக்டர்ச் சந்தை உலகில் வேறில்லை. அந்த யந்திரங்கள் போய்ச் சேரும் நிலமோ துண்டு துண்டாகக் கிடக்கிறது. 2015-16ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு சாகுபடிதாரரிடம் உள்ள நிலம் சராசரி 1.08 ஹெக்டேர். தமிழ்நாட்டில் அது 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இவ்வளவு சிறிய நிலத்தில் எவ்வளவு பெரிய யந்திரம் ஓட வேண்டும் என்பது தேசத்தின் பொருளாதாரக் கேள்வியன்றி வேறென்ன?

இன்று நாம் சிறப்பாகப் பேச விரும்புவது ஒரு தனி வகுப்பாரைப் பற்றி. உத்தியோகமோ வியாபாரமோ ஜீவனத்துக்கு ஆதாரமாயிருக்க, மண்ணின் மீதுள்ள ஆசையால் மூன்று நான்கு ஏக்கர் வைத்துக்கொண்டு பயிர் செய்கிறவர்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற உபாத்தியாயர், பாங்கி உத்தியோகஸ்தர், வாரக் கடைசியில் காரை எடுத்துக்கொண்டு வரும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் எல்லாரும் இதில் அடக்கம். இவர்களைப் பரிகாசம் செய்கிறவர்களோடு நாம் சேரமாட்டோம். பட்டணத்துப் பணம் கிராமத்து மண்ணுக்குத் திரும்பி வருவது நல்லதே. ஆனால் இவர்கள் யந்திரம் வாங்கும்போது செய்யும் தவறு இவர்களோடு நிற்பதில்லை. நான்கு ஏக்கருக்கு நாற்பத்தைந்து குதிரை சக்தி டிராக்டர் வாங்கிய பென்ஷன்காரருடைய நஷ்டத்தை அவருடைய பென்ஷன் மூடிவிடுகிறது. "படித்தவர், விவரம் தெரிந்தவர், அவரே வாங்கியிருக்கிறார்" என்று அதே யந்திரத்தைக் கடனில் வாங்கும் அண்டை நிலத்துக் குடியானவருக்கு மூடிக்கொள்வதற்குப் பென்ஷன் இல்லை. ஆகையால் இவர்களுடைய தேர்வு ஊருக்கு வழிகாட்டும் தேர்வு. அதை அசிரத்தையாகச் செய்ய இவர்களுக்கு உரிமையில்லை.

பொள்ளாச்சிப் பக்கத்தில் நமது நண்பர் ஒருவருக்கு நான்கு ஏக்கர் இருக்கிறது. மூன்று ஏக்கரில் இருபத்தைந்து அடி இடைவெளியில் தென்னை, அதனிடையே வாழை. மிச்சமுள்ள ஒரு ஏக்கரில் காய்கறி. பதினெட்டு வருஷம் உழைத்த அவருடைய சிறு டிராக்டர் சென்ற மாதம் கியர் பெட்டி உடைந்து நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்து, "ஐயா, இதற்கு மேல் செலவு செய்வதா வேண்டாமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளே விற்பனை ஏஜெண்டு வந்து சேர்ந்தார். சிறிய டிராக்டருக்கும் பெரிய டிராக்டருக்கும் மாதத் தவணையில் சில ஆயிரம் ரூபாய்தான் வித்தியாசம் என்றார். பெரியதையே எடுத்துக்கொண்டால் வீட்டு வாசலுக்கும் கௌரவம் என்றார். நண்பர் நம்மிடம் யோசனை கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கே விரிவாகச் சொல்லுகிறோம். எந்தக் கம்பெனிக்கும் சிபாரிசு செய்வது நமது நோக்கமல்ல.

முதற் கேள்வி, எந்த டிராக்டர் என்பதல்ல. வருஷத்தில் எத்தனை மணி வேலை என்பதே. ஒரு மீட்டர் அகலமுள்ள ரோட்டவேட்டரை மணிக்கு இரண்டரைக் கிலோமீட்டர் வேகத்தில் இழுத்தால், திருப்பங்களுக்கும் ஓய்வுக்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து, மணிக்கு 2,000 சதுர மீட்டர் ஓடும். ஓர் ஏக்கருக்கு இரண்டு மணி. நான்கு ஏக்கருக்கு எட்டு மணி. வருஷத்தில் ஆறு முறை ஓட்டினாலும் 48 மணிதான். எரு அடிப்பது, மருந்து தெளிப்பது, மட்டை இழுப்பது எல்லாம் சேர்த்து இன்னும் 50 மணி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் சுமார் 100 மணி. டிராக்டருக்குக் கடன் கொடுக்கும்போதும் பொறியியல் கணக்குப் போடும்போதும் ஆண்டுக்கு 1,000 மணி வேலை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதில் பத்தில் ஒரு பங்கு வேலைதான் நமது நண்பரிடம் இருக்கிறது. மிச்சக் காலமெல்லாம் கொட்டகையில் நிற்கப்போகும் யந்திரத்துக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதே விஷயம்.

கணக்கை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோவோம். பேச்சுக்காக, சிறு டிராக்டரின் விலை ஐந்து லட்சம் ரூபாய். பத்து வருஷம் கழித்து விற்றால் ஒன்றரை லட்சம் வரும் என்று கொள்ளுவோம். வருஷத்துக்கு 35,000 ரூபாய் தேய்மானம். போட்ட முதலுக்குச் சராசரியாக எட்டு சதவீத வட்டி வைத்தால் 26,000. இன்ஷூரன்ஸ், எண்ணெய், சில்லறைப் பழுது 14,000. ஆக 75,000 ரூபாய். நூறு மணிக்கு இதை வகுத்தால் மணிக்கு 750 ரூபாய். டீசலும் ஓட்டுகிறவருடைய கூலியும் வேறு. இந்தத் தொகையையும் உங்கள் ஊர் வாடகையையும் ஒரே காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வேளாண்மைப் பொறியியல் இலாகாவும் யந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. 'உழவன்' செயலி வழியாகவும் அதற்கு விண்ணப்பிக்கலாம். வாடகை மலிவாயிருந்தும் சொந்த யந்திரம் வேண்டுமென்றால், அந்த அதிகச் செலவு எதற்காக என்பதையாவது தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். பருவத்தில் மழை பெய்த மறுநாளே உழ வேண்டுமென்பது ஒரு நியாயமான காரணம். வாடகைக்கு வரும் பெரிய டிராக்டர் வாழை இடையில் நுழையாது என்பது இன்னொன்று. அடுத்த வீட்டுக்காரர் வைத்திருக்கிறார் என்பது காரணமல்ல.

இதே கணக்கு இன்னொரு வழியையும் காட்டுகிறது. நண்பரும் அண்டை நிலத்தார் மூவரும் கூடி ஒரே டிராக்டரை 400 மணி ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். பராமரிப்புச் செலவு 33,000 ஆக ஏறினாலும் மொத்தம் 94,000 ரூபாய்தான். மணிக்கு 235 ரூபாய் வீதம் ஆகிறது. ஒரு யந்திரத்தை நால்வர் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தால் செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும்! கூட்டுறவைப் பற்றி மேடையில் பேசும் நாம் கொட்டகையில் அதை ஏன் செய்யக்கூடாது? யார் எந்த நாளில் ஓட்டுவது, பழுது வந்தால் யார் கொடுப்பது என்பதை முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டால் சிநேகமும் கெடாது.

இரண்டாவது, குதிரை சக்தி என்னும் மாயை. யந்திரத்தின் மூடியில் எழுதியிருக்கும் எண்ணைக் கண்டு மயங்குவோர் அநேகர். அந்த எண் எஞ்சினுடைய சக்தி. அதில் ஒரு பகுதி கியர்களிலேயே கழிந்து, பின்னாலுள்ள பி.டி.ஓ. தண்டில் குறைவாகத்தான் வெளிவரும். ரோட்டவேட்டரைச் சுற்றுவது அந்தத் தண்டுதான். ஆகையால் கேட்க வேண்டியது பி.டி.ஓ. சக்தி எவ்வளவு என்பதே. இன்னுமொரு சங்கதி உண்டு. சந்தையில் எந்த எண்ணுள்ள டிராக்டர்கள் மலிந்திருக்கின்றன என்பதை நிலம் மட்டும் தீர்மானிப்பதில்லை, சட்டமும் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் 25 குதிரை சக்தியும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின்களுக்குப் புகைக்கரியைப் பற்றிய கடுமையான விதி 2013இல் வந்தது. அதன்பின் அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்கும் சிறு டிராக்டர்கள் அங்கே பெருகின. இந்தியாவில் 50 குதிரை சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான விதி அமலாயிற்று. அதனால் ஐம்பதுக்கு ஒன்றிரண்டு கீழே நிற்கும் யந்திரங்களுக்கு இங்கே கிராக்கி. விதியின் எல்லைக்கோடு விற்கிறவருக்கு முக்கியம். நான்கு ஏக்கர்காரருக்கு அதனால் ஆவது என்ன? ஒரு மீட்டர் ரோட்டவேட்டருக்கு இருபது முதல் இருபத்தைந்து குதிரை சக்தி தாராளமாகப் போதும். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் உள்ளவருக்கோ டிராக்டரே வேண்டியதில்லை. பவர் டில்லர் போதும்.

மூன்றாவது, எடை. நாற்பத்தைந்து குதிரை சக்தி டிராக்டர் சுமார் 2,000 கிலோ எடையுள்ளது. இருபது குதிரை சக்திச் சிறு டிராக்டர் 700 முதல் 1,000 கிலோவுக்குள் அடங்கும். கனமான யந்திரம் ஈர மண்ணில் திரும்பத் திரும்ப ஓடினால், மேல்மண்ணுக்கு அடியில் மண் இறுகிப்போய் நீரும் வேரும் இறங்காத தட்டு உண்டாகிறது. மேலே இறுகிய மண்ணை அடுத்த உழவு உடைத்துவிடும். ஆழத்தில் இறுகியதைச் சாதாரண உழவு தொடாது. தென்னைக்கு வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள்ளேயே இருப்பதால், அந்த வட்டத்துக்குள் பெரிய சக்கரம் ஏறுவது மரத்தின் வாயில் மண்ணைப் போடுவதற்குச் சமானம்.

"எடை இல்லாவிட்டால் இழுக்காதே" என்பார்கள் சிலர். இதற்கு 1930களிலேயே பதில் கிடைத்துவிட்டது. ஐர்லாந்துக்காரரான ஹாரி பெர்குஸன் டிராக்டரின் பின்புறத்தில் கலப்பையை மூன்று புள்ளிகளில் மாட்டி, ஹைட்ராலிக் சக்தியால் தூக்கி இறக்கும் முறையைக் கண்டார். மண்ணை இழுக்கும் பாரமே பின்சக்கரங்களை நிலத்தோடு அழுத்தும்படி அது அமைந்தது. 1939இல் போர்டு கம்பெனி அந்த அமைப்போடு வெளியிட்ட டிராக்டர் அமெரிக்கச் சிறு பண்ணைகளின் தோற்றத்தையே மாற்றிற்று. 1960இல் சென்னையில் ஏற்பட்ட டாபே கம்பெனி மாஸி பெர்குஸன் டிராக்டர்களை நம் நாட்டில் உற்பத்தி செய்யத் தொடங்கியது அந்த வம்சத்தின் தொடர்ச்சியே. இன்றைய டிராக்டர்களில் அநேகமாக எல்லாமே அந்த மும்முனை இணைப்பைக் கொண்டவை. இத்துடன் நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகும் ஏற்பாடும் இருந்தால், இலேசான டிராக்டர் ஈர நிலத்திலும் வழுக்காமல் வேலை செய்யும்.

நான்காவது, அகலம். வாழை வரிசைகளுக்கு நடுவே ஆறடி. பெரிய டிராக்டரின் அகலமே ஏறக்குறைய ஆறடி. தோட்டத்துக்கென்றே செய்த சிறு டிராக்டர்கள் நான்கடிக்குள் அடங்குகின்றன. நண்பர் பெரியதை வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? டிராக்டருக்காக வாழையை எடுத்திருப்பார். யந்திரத்துக்குத் தகுந்தபடி பயிரை மாற்றிக்கொள்வது தலைகீழான ஏற்பாடல்லவா? கடைக்குப் போகும் முன் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் மிகக் குறுகலான இடத்தை அளந்து, அந்தக் கயிற்றையே கடைக்குக் கொண்டுபோய் டிராக்டரின் மேல் பிடித்துப் பாருங்கள். அழகான விளம்பரப் புஸ்தகத்தைவிட அந்தக் கயிறு உண்மையைச் சொல்லும்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, பழுது பார்க்கும் சுதந்திரம். உழவு நாளில் நின்றுபோன யந்திரம் எவ்வளவு உயர்ந்த ஜாதியாயிருந்தும் பயன் என்ன? உதிரிச் சாமான் எத்தனை நாளில் வரும்? பட்டறை எத்தனை மைலில் இருக்கிறது? உள்ளூர் மெக்கானிக் திறந்து பார்த்தால் அவருக்குப் புரியுமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் ஏஜெண்டு சொல்லும் பதிலை நம்பவேண்டாம். ஐந்து வருஷமாக அதே டிராக்டரை ஓட்டும் இரண்டு குடியானவர்களைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும். மிக மலிவாகக் கிடைக்கும் புதுப் பெயர்களில் சில, நாலைந்து வருஷத்தில் ஏஜென்ஸியை மூடிக்கொண்டு போய்விடுவதும் உண்டு. பிறகு ஒரு ஸீலுக்காகப் பல ஜில்லாக்களுக்குப் போன் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்த விஷயத்தில் அமெரிக்கா நமக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே பெரிய பண்ணை யந்திரங்களுக்குள் கம்ப்யூட்டர் புகுந்தது. குடியானவர் தம் பணத்தில் வாங்கிய டிராக்டரைத் தாமே பழுது பார்க்க முடியாமல், கம்பெனியின் ஆளும் அவர் கையிலுள்ள மென்பொருளும் வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. விளைச்சல் வயலில் காத்திருக்க, யந்திரம் மௌனமாக நின்றது. குடியானவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். பண்ணை யந்திரங்களைப் பழுது பார்க்கும் உரிமைக்காக 2023இல் கொலராடோ மாகாணம் ஒரு சட்டம் இயற்றியது. 2024 ஜனவரி முதல் தேதியில் அது அமலுக்கு வந்தது. அமெரிக்க மாகாணங்களில் இப்படிச் சட்டம் செய்தது அதுவே முதல். விலை கொடுத்து வாங்கிய பொருளைத் திறக்கும் உரிமைக்காகச் சட்டசபைக்குப் போக வேண்டிய நிலை வந்தது என்றால், அந்தப் பொருளுக்கு எஜமானர் யார்? நம் நாட்டுச் சிறு டிராக்டர்களில் பெரும்பாலானவற்றை இன்றும் சாதாரணப் பட்டறையில் ஸ்பானரைக் கொண்டு திறந்துவிடலாம். இந்தப் பாக்கியத்தைப் பளபளக்கும் திரைகளுக்காக விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று வாசகர்களை வேண்டுகிறோம்.

நமக்குத் தேவையான யந்திரத்தை நாமே யோசித்துச் செய்ய முடியும் என்பதற்குச் சரித்திரம் இருக்கிறது. துர்க்காபூரிலுள்ள மத்திய யந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில், அந்நிய டிராக்டரைக் காப்பியடிக்காமல் இந்தியப் பொறியியலாளர்கள் ஒரு சிறு டிராக்டரை வடிவமைத்தார்கள். அதை உற்பத்தி செய்ய 1970இல் பஞ்சாப் டிராக்டர்ஸ் கம்பெனி ஏற்பட்டது. 1974இல் 'சுவராஜ் 724' வெளிவந்தது. சுமார் 26 குதிரை சக்தி. சாதாரணக் குடியானவர் கையாளத் தக்கது. அந்தப் பெயர் தற்செயலாக வைத்ததன்று. 2007இல் அக்கம்பெனி மஹிந்திராவின் கைக்குப் போயிற்று; பெயர் மட்டும் இன்றும் நிலைத்திருக்கிறது. அதே துர்க்காபூர் நிலையம் பிரைமா இ.டி.11 என்னும் சிறிய மின்சார டிராக்டரையும் பின்னால் வடிவமைத்திருக்கிறது. இந்த நாட்டுச் சிறு நிலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு யோசிக்கும் மூளைகளுக்கு இங்கே குறைவில்லை. வாங்குகிறவர்கள் பெரியதையே கேட்டுக்கொண்டிருந்தால் அந்த மூளைகளுக்கு வேலை எங்கிருந்து வரும்?

ஏஜெண்டின் பேச்சுக்கு மாற்றாக நம் கையில் இன்னொரு ஆயுதமும் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்துப் புத்னியிலுள்ள மத்திய விவசாய யந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. பி.டி.ஓ.வில் உண்மையில் எவ்வளவு சக்தி, எவ்வளவு டீசல், எவ்வளவு பாரம் தூக்கும், எவ்வளவு இழுக்கும் என்பதெல்லாம் அதில் எண்களாக இருக்கின்றன. பொதுப் பணத்தில் நடக்கும் சோதனை. பகிரங்கமாகக் கிடைக்கும் அறிக்கை. டிராக்டர் வாங்குவோரில் எத்தனை பேர் இதைக் கேட்டு வாங்கிப் படித்திருக்கிறார்கள்? ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்கும் முன் ஐந்து நாழிகை படிப்பது அதிகமா?

பழைய டிராக்டர் வாங்க எண்ணுவோருக்கும் ஒரு வார்த்தை. மணி காட்டும் மீட்டரை மட்டும் நம்பவேண்டாம், அதை மாற்றிவிடலாம். கிளட்ச் மிதியின் தேய்வும், ஸ்டியரிங்கின் ஆட்டமும், டயரின் வயதும் பொய் சொல்லா. எஞ்சின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அறிக. பாரத்தைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை நிறுத்திப் பாருங்கள். ஹைட்ராலிக் சிறிது நேரத்திலேயே இறங்கிவிட்டால் செலவு காத்திருக்கிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினையே கிளப்பிப் பார்க்க வேண்டும். நீங்கள் போவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆர்.சி. புஸ்தகத்தில் கடன் குறிப்பு நீங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இவ்வளவும் பணத்தைப் பற்றியது. உயிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிராக்டர் பின்புறமாகக் கவிழ்வதற்கு ஒன்றரை விநாடி போதும்; ஓட்டுகிறவர் குதித்துத் தப்பலாம் என்பது வீண் நம்பிக்கை. ஆசனத்துக்குப் பின்னால் உறுதியான இரும்பு வளைவும், இடுப்பில் பெல்ட்டும் இருந்தால் கவிழ்ந்தாலும் பிழைக்கலாம். ஸ்வீடன் தேசம் 1959இலேயே புது டிராக்டர்களுக்கு இந்தப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கிற்று. நம் நாட்டிலோ பெரும்பாலான டிராக்டர்கள் இன்றும் இது இல்லாமலே வயலுக்குப் போகின்றன. டிராக்டர் கிணற்றில் விழுந்தது, வரப்பில் கவிழ்ந்தது என்ற செய்திகளை நாமே எத்தனை முறை அச்சிட்டிருக்கிறோம்! தோட்டத்தில் கிளை தட்டும் என்றால் மடக்கக்கூடிய வளைவு கேளுங்கள். பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 முறை, அதாவது விநாடிக்கு ஒன்பது முறை சுற்றுகிறது. அதன்மேல் மூடி இல்லையென்றால், தோளில் தொங்கும் துண்டின் நுனி பட்ட மாத்திரத்தில் மனிதனை இழுத்துவிடும். வேஷ்டியும் துண்டுமாக வயலில் நிற்கும் நமக்கு இந்த மூடி அலங்காரமன்று. புதுப் பெயிண்டுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் இந்த இரண்டுக்கும் கொடுக்கத் தயங்குவானேன்? இந்த வகுப்பாரில் பலர் அறுபது வயதுக்குமேல் முதன்முதலாக டிராக்டர் ஏறுகிறவர்கள் என்பதையும் மறக்கலாகாது.

2025 செப்டம்பர் 22ஆம் தேதி முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. ஆனால் வரி குறைந்து மிஞ்சிய பணத்தை இன்னும் பெரிய யந்திரத்தில் போட்டால், சர்க்கார் கொடுத்த சலுகை குடியானவரிடம் தங்காமல் விற்கிறவரிடம் போய்விடும். மிஞ்சிய பணத்தைப் பாதுகாப்பு வளைவுக்கும், நல்ல ரோட்டவேட்டருக்கும் செலவிடுவதே விவேகம். தவணையைக் கேட்டுவிட்டு விலையைக் கேளாமல் வருகிறவரைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. தவணை எத்தனை வருஷம், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டு எண்களையும் காகிதத்தில் எழுதி வாங்க வேண்டும்.

நண்பருக்கு நாம் சொன்ன முடிவு இதுதான். முதலில் கியர் பெட்டிக்கு உதிரிச் சாமான் கிடைக்குமா, சரி செய்ய என்ன செலவாகும் என்று எழுத்து மூலம் கேளுங்கள். ஐந்து வருஷத்துக்காவது ஓடும் என்று மெக்கானிக் உறுதி சொன்னால், அந்தச் செலவை ஐந்தால் வகுத்துப் பாருங்கள்; புது டிராக்டரின் வருஷச் செலவைவிடக் குறைவாயிருந்தால் பழையதே போதும். சாமான் கிடைக்காவிட்டால், இருபது இருபத்தைந்து குதிரை சக்திக்குள், நான்கடிக்குக் குறைந்த அகலத்தில், நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும் டிராக்டர் ஒன்றை, பட்டறை அருகிலுள்ள ஏஜென்ஸியில் வாங்குங்கள். பக்கத்து நிலத்தார் மூவரைக் கூட்டு சேர்த்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை ஆழ உழுவதற்குப் பெரிய டிராக்டரை வாடகைக்குக் கூப்பிடுங்கள். ஒருநாள் வேலைக்காக ஒரு யானையை வருஷமெல்லாம் கட்டித் தீனி போட வேண்டியதில்லை.

சர்க்காருக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. கவிழ்ந்தால் காக்கும் வளைவை எல்லாப் புது டிராக்டருக்கும் கட்டாயமாக்க வேண்டும். வாடகை நிலையங்களில் பெரிய டிராக்டர்களோடு தோட்டத்துக்கேற்ற குறுகிய டிராக்டர்களையும் வைக்க வேண்டும். பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் இலாகா 2022 டிசம்பரில் ஓர் இணையத்தளம் திறந்தது. பண்ணைக் கருவிகளையும் அதில் சேர்த்தது. தகவல் தருவது நல்லதே. ஆனால் தகவல் சட்டமாகாது. விற்ற டிராக்டருக்கு இத்தனை வருஷம் உதிரிச் சாமான் கொடுத்தே தீரவேண்டும், பழுது பார்க்கும் விளக்கப் புஸ்தகத்தைத் தமிழில் கொடுக்க வேண்டும் என்ற கடமை சட்டத்தில் ஏற வேண்டும். பொது வேலையில் ஈடுபட்டுள்ள நமது வாசகர்கள் தங்கள் ஊர் விவசாயிகள் கூட்டங்களில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவார்களாக.

மாட்டை வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழியைப் பார்த்து, நடையைப் பார்த்து, ஏரில் பூட்டியும் பார்த்த பிறகே விலை பேசிய பரம்பரை நம்முடையது. மாட்டைவிடப் பல மடங்கு விலையுள்ள யந்திரத்தை அதன் வர்ணத்தையும் தவணையையும் மட்டும் பார்த்து வாங்குவது அந்தப் பரம்பரைக்குத் தகுமா? நிலத்தை அளந்து, வேலையைக் கணக்கிட்டு, பழுது பார்க்கும் கையை முன்னாலேயே தேடி வைத்துக்கொண்டு வாங்குகிறவருக்கு யந்திரம் ஊழியம் செய்யும். மற்றவர்கள் யந்திரத்துக்கு ஊழியம் செய்ய வேண்டியதுதான்.